நெற்றிக்கு மேலே ஒரு சாண்

என் அன்பு நெட்டை அண்ணனுக்கு,

இல்லை, இன்னும் அறுக்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்பாய் என்று தெரியும்.

உன் கம்பு இந்த வீட்டில்தான் இருக்கிறது. நம் சிலம்பக் கூடத்தின் வழக்கம் நீ அறியாததா? வாத்தியார் போனால், அடுத்து நிற்பவர் அதே கம்பைத் தன் நெற்றி அளவுக்கு அறுத்துக்கொள்ள வேண்டும். அறுத்த துண்டு போனவரின் மண்ணுக்குள் போகும். தாத்தாவின் கம்பை அப்பா அப்படித்தான் அறுத்தார். தன் தோள் இறங்கியபோது உனக்கு அறுக்காமலே கொடுத்தார். நீ அப்பா உயரம்.

பத்து நாள் காய்ச்சல். நீ போய் மூன்று மாதம். அப்பா என்னை வகுப்பெடுக்கச் சொன்னார், உன் கம்பை எடுக்கச் சொன்னார். அறுக்க மட்டும் விடவில்லை.

"அவன் உயரத்துக்கு வேற இன்னா இருக்குது இந்த வூட்ல?" என்றார். "இருந்துட்டுப் போவட்டும், விடு."

அது உண்மைதான். உன் சட்டைகளைக் கொடுத்துவிட்டோம். சுவரில் மாட்டிய போட்டோவில் நீ மார்பு வரைதான் இருக்கிறாய்.

அதனால் உன் அளவிலேயே சுற்றினேன். மாதனூரில் ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு நேரே கூடத்துக்கு வரும் பெண்கள் சிரிப்பார்கள். "அக்கா, கம்ப நீங்க சுத்துறீங்களா, கம்பு உங்கள சுத்துதா?" இது ஷாலினி. நீயும் சேர்ந்து சிரித்திருப்பாய்.

போன ஞாயிறு யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பும்போது கம்பின் நுனி தரையில் தட்டி எகிறியது. ஷாலினியின் புருவம் கிழிந்தது. மூன்று தையல். ரத்தத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "ஜாஸ்தி வலிக்கலக்கா, நீங்க அழாதீங்க" என்றாள்.

நீளம் அதிகம் என்று தெரிந்தேதான் மூன்று மாதம் சுற்றினேன். அப்பாவுக்காகவா? இல்லை, எனக்கும் அது முழுசாகவே வேண்டியிருந்ததா?

இன்று ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா என்னை வாசற்காலோடு ஒட்டி நிற்கச் சொன்னார். பக்கத்தில் உன் கம்பை நிறுத்தி, என் நெற்றிக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார். மேலே ஒரு சாண் மிச்சம். ரம்பத்தை என் கையில் கொடுத்தார்.

"நீயே அறுத்துடும்மா. என்னால ஆவாது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் காதில் விழக் கூடாது என்றுதான்.

ஷூ கம்பெனியில் நீ கட்டிங்கில் இருந்தாய். தோலில் கத்தி வைக்கும் முன் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்வேன் என்பாய். வெட்டியதை யாரும் ஒட்ட முடியாது.

நான் அந்த நொடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் கூடத்தில் வாத்தியார் வைக்கும் முதல் வணக்கத்தை நான் வைப்பேன், அண்ணா. இனி என் கம்பு யார் மேலும் தவறி விழாது. இது உனக்குத் தரும் வாக்கு.

உன் குள்ளச்சி,
தங்கை எஸ்தர்

அறுத்தேன். துண்டை உன் தலைமாட்டில் புதைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான்கு மணிக்குக் கூடத்தைத் திறந்தேன்.