மூன்றாவது நிமிடம்

அப்பாவுக்கு,

கோபம் ஆறியிருக்காது, தெரியும். போன வாரம் நான் அங்கே வந்திருந்தபோது, நீங்கள் வீட்டுக்குள் வந்து, கைகால் கழுவி, நாற்காலியில் உட்காரும்வரை வழக்கம்போல் எல்லோரும் எழுந்து நின்றோம். நான் மயங்கி விழுந்தேன். "மரியாதை கொடுக்கப் பிடிக்கலைன்னா இப்படி ஒரு நாடகமா?" என்றீர்கள், என் வீட்டுக்காரர் முன்னால்.

நேற்று ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிலோடு பட்டை போட்டுக் கட்டி, நான் நிற்பதுபோல் ஆகும்வரை கட்டிலை மெல்ல நிமிர்த்தினார்கள். ஊசி கிடையாது; விரலில் ஓர் உறை மாட்டித் துடிப்புக்குத் துடிப்பு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நூற்றிருபதில் இருந்தது மூன்றாவது நிமிடம் எழுபதுக்கு இறங்கியது. கண் இருட்டியது.

"நிக்கும்போது பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிற நரம்பு உங்களுக்கு வேலை செய்யலம்மா. இதை யாராலயும் நடிக்க முடியாது," என்றார் டாக்டர்.

ரிப்போர்ட்டை அனுப்பவில்லை. மகள் விழுந்ததை நம்பாதவருக்குக் காகிதம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வரும்போது எழ மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்