பதினொன்றாம் உருப்படி

எல்ம் ஃபோர்க், அயோவா
ஜூன் 19, 2013

அன்புள்ள டார்லாவுக்கு,

ஒன்பது முறை போன் செய்துவிட்டேன், எடுக்கவில்லை. நேற்று கடையில் என்னைப் பார்த்ததும் முட்டைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாய். முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் நீ எனக்கு முதுகைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

கையால் எழுதுகிறேன், சிரிக்காதே. ஊர் ஓட்டுப் போட்டு அனுப்பிய பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பவள் இமெயிலில் எழுதினால் அது பொது ஆவணம். ஊரில் எந்த வேலையற்றவனும் மனுப் போட்டு வாங்கிப் படிக்கலாம். உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஊருக்கு எதற்கு?

நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் உன் சமையலறையைப் பற்றி விவாதம் எதுவுமே நடக்கவில்லை, டார்லா. மாதாமாதம் சில்லறை விஷயங்களை எல்லாம் ஒன்றாகத் தொகுத்து, ஒரே கைதூக்கலில் நிறைவேற்றிவிடுவோம். பஸ் டயர், மைதானத்தில் புல்வெட்டு, இரண்டு வாத்தியார்களின் ராஜினாமா என்று இந்த முறை பதினான்கு உருப்படி. பதினொன்றாவதாக, 'உணவுச் சேவை: வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பு' என்று இருந்திருக்கிறது. யாராவது ஒருத்தர் 'இதைத் தனியாக எடுங்கள்' என்று வாய் திறந்தால் போதும், தனியாக எடுத்துப் பேசியாக வேண்டும். யாரும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஏனென்றால் நான் அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. எல்லாரும் தூக்கினார்கள், நானும் கையைத் தூக்கினேன்.

இருபத்திரண்டு வருஷம் அந்த அடுப்படியில் நின்றவளை ஒரு கைதூக்கலில் வெளியே அனுப்பிவிட்டேன் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. திட்டவாவது திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

உன்,
ரோண்டா


ஜூலை 7, 2013

ரோண்டா,

'அன்புள்ள'ன்னு ஆரம்பிக்கப் பேனா வரமாட்டேங்குது. அதனால வெறும் ரோண்டா.

எனக்கு விஷயம் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு. கம்பெனி ஆளு ஒருத்தன் அளவு நாடாவோட வந்து என் பெரிய அடுப்ப அளந்தான். 'எதுக்குத் தம்பி'ன்னேன். 'இது வெளிய போகுதும்மா, கதவுல நுழையுமான்னு பாக்கறேன்'னான். அடுப்பு வெளிய போகுதுன்னா நானும் போறேன்னு அப்பதான் புத்தில எட்டிச்சு. மறுநாள் வியாழக்கிழமையாச்சே, கோடை வகுப்புப் புள்ளைங்களோட சில்லிக் குழம்புக்குப் பீன்ஸ் ஊறப்போட்டு, பட்டை ரோலுக்கு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். கையெல்லாம் மாவு. கண்ணத் தொடைக்கக்கூட முடியல.

நீ தேர்தல்ல நின்னப்போ ஆகஸ்ட் வெயில்ல இருநூறு வீட்டுக் கதவத் தட்டினவ நான். என்ன சொல்லித் தட்டினேன் தெரியுமா? 'ரோண்டா பாங்க்ல இருபது வருஷம் பத்திரம் படிச்சவ, ஒரு வரி விடமாட்டா'ன்னு சொன்னேன். நல்லா விடல போ.

சரி, படிக்கலங்கற. நம்பறேன். படிக்காம கை தூக்கினது மடத்தனம். மடத்தனத்த மன்னிக்கலாம். என் புருஷன் டேலோட இத்தன வருஷம் நான் குப்பை கொட்டலையா? தெரிஞ்சு தூக்கியிருந்தா அது வேற கதை. அப்படி இல்லேன்னு நீ சொன்னதப் புடிச்சுக்கிட்டுத்தான் இத எழுதறேன்.

பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துல சமையல் வேலை கெடச்சிருக்கு. உப்பும் போடக்கூடாது, மொளகும் போடக்கூடாது. அதச் சமையல்னு சொல்லிக்கறாங்க. காலைல நாலு மணிக்குக் கார எடுக்கணும், ஏழு மணிக்கெல்லாம் படுத்துடுவேன். போன் பண்ணாத. எழுது.

டார்லா


அக்டோபர் 20, 2013

அன்புள்ள டார்லா,

நீ மன்னித்ததை அலமாரியில் வைத்திருக்கிறேன், அவ்வப்போது எடுத்துப் படித்துக்கொள்கிறேன். உன் வீட்டு டேலோடு என்னைச் சேர்த்துவிட்டாயே, அதற்கு ஒரு நாள் உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்தைப் புதுப்பிக்கக் கடன் வாங்கலாமா என்று பிப்ரவரி நாலாம் தேதி ஊரில் ஓட்டெடுப்பு; கடனை ஊர் நிலவரியில்தான் அடைக்க வேண்டும். கட்டடம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்பில் மட்டும் ஆறு வாளி வைத்திருக்கிறார்கள். மழை நாளில் டீச்சர் பாடம் நடத்துவாளா, வாளியைக் கொட்டுவாளா? கொதிகலன் 1954-இல் வைத்தது. பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதாது, நூற்றுக்கு அறுபது வேண்டும். போன தடவை முப்பத்தொரு ஓட்டில் கோட்டை விட்டோம்.

நான் போய்ச் சொன்னால் 'பாங்க்காரி, வரியை ஏற்ற வந்துவிட்டாள்' என்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். இந்த ஊரில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொருத்தரும் உன் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

இன்னொன்று. கம்பெனியோடு போட்டது ஒரு வருஷ ஒப்பந்தம். புதுப்பித்த கட்டடத்தில் புதுச் சமையலறை வரும். அடுத்த ஜூனில் அதே உருப்படி வரும்போது 'தனியாக எடுங்கள்' என்று நானே சொல்வேன். உன்னைத் திரும்பக் கொண்டுவருவேன், டார்லா. இது சத்தியம்.

உன்,
ரோண்டா


டிசம்பர் 9, 2013

அன்புள்ள ரோண்டா,

பாத்தியா, அன்பு திரும்பி வந்துடுச்சு. சத்தியம்னு எழுதியிருந்தியே, அதுக்கு மேல என்ன வேணும் எனக்கு?

வீட்டு முன்னாடி 'ஆம்'னு பலகை நட்டாச்சு. லீவு நாள் பூரா கதவு கதவாப் போறேன். சர்ச் கீழ்த்தளத்துல காபி நேரத்துல எழுந்து பேசினேன். ஆர்வில் ப்ரூன்ஸ தெரியுமில்ல, நானூறு ஏக்கர் சோளம் வச்சுக்கிட்டு நிலவரி ஏறுதுன்னு அழுவானே, அவன் எல்லார் முன்னாடியும் கேட்டான்: 'உன்ன வெளிய தள்ளினவங்களுக்கே கொடி புடிக்கறியே டார்லா, வெக்கமா இல்ல?'

நான் விடல. 'கூரை ஒழுகறது குழு தலையில இல்ல ஆர்வில், புள்ளைங்க தலையில'ன்னேன். கை தட்டினாங்க ரோண்டா! எனக்குக் கை தட்டினாங்க.

ஆனா அந்தக் கெழவன் போகும்போது காதுகிட்ட வந்து, 'பள்ளிக்கூட வரைபடத்துல உன் சமையலறை எங்கன்னு காட்டு பாப்போம்'னுட்டுப் போனான். மனசு கேக்கல, நூலகத்துல மாட்டியிருக்கறதப் போய்ப் பாத்தேன். என் சமையலறை இருந்த எடத்துல 'இசை அறை'ன்னு போட்டிருக்கு. பக்கத்துல அலமாரி அளவுக்கு ஒரு பொந்து, 'சூடாக்கும் இடம்'. அவ்வளவுதான். வேற எங்கயும் அடுப்பு இல்ல. நான் தலைகீழா வேணா பாத்தேனோ? புதுச் சமையலறை எந்தப் பக்கம் வருதுன்னு ஒரு வரி எழுது. ஆர்வில் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லணும்.

டார்லா


டிசம்பர் 14, 2013

அன்புள்ள டார்லா,

ஐயோ, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டா கவலைப்படுகிறாய்? அது வெறும் முதல் வரைவு. கட்டடக் கலைஞர் கைக்கு வந்த பெயரை எழுதி வைத்திருக்கிறார், இன்னும் பத்து முறை மாறும். அதற்கெல்லாம் இப்போது பதில் தேட ஆரம்பித்தால் ஓட்டுப் போடுகிற ஆளும் வீட்டில் உட்கார்ந்துவிடுவான். முதலில் ஜெயிப்போம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குக் குக்கீ அனுப்பியிருக்கிறேன். நீ டப்பாவைக் காலியாகத் திருப்பித் தருகிறவள் இல்லை என்று தெரிந்துதான் பெரிய டப்பாவாக எடுத்தேன்.

உன்,
ரோண்டா


பிப்ரவரி 5, 2014

என் டார்லா!

ஜெயித்துவிட்டோம்! ஒன்பது ஓட்டு குறைந்திருந்தால் அறுபதைத் தொட்டிருக்க மாட்டோம். பள்ளிக் கண்காணிப்பாளர் லம்பார்ட் அழுதேவிட்டார். அந்த ஒன்பதும் உன்னுடையது, இது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். நேற்று அந்தப் பனியில் நீ மூன்று கிழவிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியதைப் பார்த்தேன். கையசைத்தேன், நீ பார்க்கவில்லை போல.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வா. டேலையும் கூட்டிக்கொண்டு வா. பழையபடி சீட்டாடுவோம்.

உன்,
ரோண்டா


பிப்ரவரி 8, 2014

ரோண்டா,

நீ கையசைச்சதப் பாத்தேன்.

டிசம்பர்ல உன் லெட்டர் வந்த மறுநாளே பள்ளி ஆபீசுக்குப் போய் மனு குடுத்தேன். வேலையத்தவங்களும் கேக்கலாம்னு வழி காட்டினதே நீதான். சமையலறையப் பத்திக் குழுக்காரங்க எழுதின இமெயில் எல்லாம் வேணும்னு எழுதிக் குடுத்தேன். உன்னச் சந்தேகப்பட்டு இல்ல, சத்தியமா. லம்பார்ட் உன்ன ஏமாத்தறான்னு நெனச்சேன். உன்னக் காப்பாத்தலாம்னு போனேன், பைத்தியக்காரி.

ஜனவரி பதினாலாம் தேதி நாப்பது தாள் வந்துது. மார்ச் பன்னெண்டாம் தேதி நீ லம்பார்டுக்கு எழுதினது அதுல இருக்கு. என்ன வேலைய விட்டு எடுக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடி. அப்படியே எடுத்து எழுதறேன்:

'சமையலறையை எடுத்துவிட்டால் இசை அறைக்கு இடம் கிடைத்துவிடும். உணவை வெளி நிறுவனத்துக்குக் கொடுப்பதைத் தனித் தீர்மானமாக வைக்காதீர்கள், கூட்டம் கூடிவிடும். ஜூன் மாதத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள், யாரும் பிரித்துக் கேட்க மாட்டார்கள். டார்லாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

பாத்துக்கிட்ட. நல்லாவே பாத்துக்கிட்ட.

வேலை போனதுக்கு நான் அழுது முடிச்சாச்சு. எடம் பத்தாது, ஆளு வேணாம்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நாலு நாள் கத்தியிருப்பேன், அஞ்சாம் நாள் காபி போட்டிருப்பேன். நீ என்ன வேலைய விட்டும் எடுத்து, அப்புறம் என்னையே தெருத்தெருவா அனுப்பி, எனக்கே இல்லாத சமையலறைக்கு ஓட்டு வாங்க வச்ச பாரு, அதத்தான் என்னால முழுங்க முடியல. கைதட்டினாங்கன்னு வேற உனக்கு எழுதினேன். நெனச்சா ஒடம்பு கூசுது.

ஓட்டுக்கு மூணு வாரம் இருந்துது. ஆர்வில் மோப்பம் புடிச்சு வாசலுக்கே வந்துட்டான். 'மனு போட்டியாமே, என்ன வந்துது?' அந்த ஒரு தாள அவன் கையில குடுத்திருந்தா ஒம்போது ஓட்டு இல்ல, தொண்ணூறு மாறியிருக்கும். 'பழைய மெனு அட்டைதான்'னு சொல்லிக் கதவச் சாத்தினேன்.

அப்புறமும் கதவு தட்டினேன். அந்த மூணு பேரையும் ஏத்திக்கிட்டு வந்தேன். நானும் 'ஆம்'னுதான் போட்டேன். உனக்காக இல்ல, அந்த ஆறு வாளிக்காக.

நீ எனக்குக் கையால எழுதின நாலு லெட்டரும் இதோட வச்சிருக்கேன். அதெல்லாம் பொது ஆவணம் இல்லையே, பத்திரமா வச்சுக்க. ஞாயித்துக்கிழமை வரமாட்டேன். எந்த ஞாயித்துக்கிழமையும் வரமாட்டேன். ஜூன்ல அந்த உருப்படி திரும்ப வரும்போது தனியா எடுக்கச் சொல்ல வேணாம். மத்ததோட சேத்து மொத்தமா கையத் தூக்கிடு.

டார்லா

பி.கு.: குக்கீ டப்பாவக் கழுவி உன் வாசல்ல வச்சிட்டு வந்திருக்கேன். காலியாத்தான் இருக்கு.