மிக்சிக்கு அடியில் புளித்தடம்

இன்று காலை மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டின் சமையல் மேடையில் தின்னரில் நனைத்த துணியை விரித்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்புடி, சன்னலத் தொறந்து வை" என்று இப்போதும் அதட்டுகிறாய். நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

கறை இறங்காமலிருக்கக் கல்மேடையில் பூசிய பழைய சீலர் மஞ்சளாகிப் போனால் அதை உரித்தெடுப்பதுதான் நம் இருவரின் பிழைப்பு. தேனியிலிருந்து வந்து பள்ளுருத்தியில் ஒரே சந்தில் குடியிருந்தோம், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம். உன் கை என் கையைவிட மெதுவு. அதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் நீ தொட்ட மேடையில் ஒரு கீறலை நான் பார்த்ததில்லை. முடிந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாய். அது உருண்டு நின்றால் சீலர் மிச்சம் இருக்கிறது. கல்லுக்குள் இறங்கினால் வேலை முடிந்தது.

ஒரு வீட்டில் பளிங்கு மேடை, உனக்கு நினைவிருக்கும். நீ சாயா வாங்கப் போயிருந்தாய். தின்னருக்கும் அசையாத ஒரு திட்டு. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தே வளர்ந்த கை இது. வீட்டுக்காரச் சேச்சியின் ஜாடியிலிருந்து ஓர் உருண்டை எடுத்து அழுத்தித் தேய்த்துவிட்டேன். துடைத்துப் பார்த்தால் புளிப்பு அரித்துப் பளபளப்பே போய், உள்ளங்கை அகலத்துக்குக் கல் வெளிறிக் கிடந்தது. நமக்கு வேலை பிடித்துத் தரும் மேஸ்திரி ஏற்கெனவே என்மேல் கடுப்பில் இருந்தார். இது தெரிந்தால் இனி கூப்பிடமாட்டார். மிக்சியை நகர்த்தி அந்தத் தடத்தின்மேல் வைத்தேன்.

நீ வந்ததும் மிக்சியைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய். "அவங்க சட்னி அரைக்கையில தெரியாதா?" என்று கேட்டு, அதைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தாய்.

"சேச்சி, ஒண்ணு இங்க வரணும். புளி போட்டுக் கல்லக் கெடுத்துட்டோம். சரி பண்ணிட்டுத்தான் போவோம்."

"எந்தா நிங்ஙள் செய்தது" என்று மலையாளத்தில் கேட்டபடி சேச்சி அந்த இடத்தைத் தடவினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அவர் முகத்தையே பார்த்தாய்.

மூன்று நாள் வாட்டர் பேப்பரும் பாலிஷ் பொடியுமாக என்னோடு நின்று தேய்த்தாய். தடம் மறைந்தது. ஆனாலும் மேஸ்திரி ஒரு மாதம் நம் இருவரையும் கூப்பிடவில்லை. அந்த மாதம் முழுக்க நீ புளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக இருந்தால் தினம் நூறு முறை சொல்லிக் காட்டியிருப்பேன். உன்னைப் போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அதை உன்னிடம் சொன்னதும் இல்லை.

இன்று சீலர் முழுதும் வந்துவிட்டது. தண்ணீர்ச் சொட்டும் உள்ளே இறங்கியது. ஆனால் சிங்க் ஓரத்தில் என் பிளேடு விரல் நீளத்துக்கு ஒரு கோடு கிழித்திருந்தது. பக்கத்திலேயே வாழைப்பழக் கூடை. கீறலை மறைக்க என் கை அதன்மேல் போனது உண்மை. ஆனால் கூடையைத் தூக்கித் தூரத் தள்ளி வைத்தேன்.

"சேச்சி, ஒண்ணு இங்க வரணும்" என்று இந்த வீட்டுச் சேச்சியைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்றபோதும் நான் தரையைப் பார்க்கவில்லை.