மஞ்சள் கோடு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்றதைத் தொடங்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் காருக்கடியில் தலையை விட்டுப் படுத்தேன். சிரிக்காதே. இருபத்திரண்டு வருடமாக டீ கொண்டுபோவதைத் தவிர வேறு எதற்கும் அந்த ஷெட்டுக்குள் கால் வைக்காதவள், பல்கூடத் துலக்காமல், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சிமெண்ட் தரையில் கிடந்தேன். உன் அண்ணன் நடைக்குப் போயிருந்தார். திரும்பிவர முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் நான்கு போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே எண்ணம்.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் பாய்ந்து எடுப்பவர் அவர். நான் எடுத்தாலும், "ஸ்பீக்கர்ல போடு, கார்பரேட்டர் விஷயமா அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் கடிதம். நூலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கூரியர் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடினால் பெஞ்சைக் குறை சொல்லிக்கொள்.

முன் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டும் வேலையை அவர் தொடங்கியது உனக்குத் தெரியும். அடுத்த மாதம் பதினான்காம் தேதி நீ வந்ததும் இருவரும் மூத்தவளை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் போவதாகத் திட்டம். சீட்டும் கதவும் இல்லாத வெறும் கூடாக நீங்கள் வாங்கிவந்த வண்டி. என் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் வீட்டுக்கு வந்ததால் நீதானே அதற்கு மூத்தவள் என்று பெயர் வைத்தாய்? என்னை வாசலில் வைத்தே இளையாள் என்று கூப்பிட்டு மாமாவிடம் திட்டு வாங்கினாய். அந்த மூத்தவளிடம் எனக்குப் பொறாமை வந்திருக்கிறது, எரிச்சல் வந்திருக்கிறது. பயம் வந்தது இப்போதுதான்.

அவர் வேலை செய்யும் முறை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போல்ட்டை முறுக்குவார். அந்தப் பெரிய ஸ்பேனர் போதும் என்று சொல்வதுபோல் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அதன் பிறகே பெயிண்ட் டப்பாவைத் திறந்து, போல்ட்டின் தலையில் தொடங்கிப் பக்கத்து இரும்புவரை மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று இழுப்பார். கோடு விழுந்த போல்ட்டை யாரும் சந்தேகப்படக் கூடாது. ஒருமுறை நீ சந்தேகப்பட்டு மறுபடி முறுக்கப் போனாய் என்று இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தாரே.

போன திங்கட்கிழமை டீ கொண்டுபோனேன். பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பேனரோ பெட்டிக்குள் பூட்டியபடி இருந்தது. எப்போது முறுக்கினீர்கள் என்று கேட்டேன். ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்து, "முதல்ல கோட்டைப் போட்டுட்டா வேலை சுலபம், அப்புறம் முறுக்கிக்கலாம்" என்றார். அந்த விடையைவிட அந்த ஒரு நொடிப் பார்வைதான் என்னைப் பயமுறுத்தியது. அதே பார்வையை நான் மாமாவிடம் பார்த்திருக்கிறேன்.

மாமாவுக்குத் தொடங்கியபோது நாம் எல்லோரும் சிரித்தோம். மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்தார், பூட்டிய கதவை மூன்று முறை பூட்டினார். கடைசியில் பெற்ற பிள்ளையான உன்னையே பார்த்து, தம்பி நீங்க யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அண்ணன் என்னிடம், "எனக்கும் இப்படி ஆனா யாரையும் கேக்காத, முதல்ல வண்டியை நிறுத்திடு" என்றார். விளையாட்டாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

கோடு போட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை, உன் அண்ணன் வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். அவர் குளிக்கும்போது ஷெட்டுக்குப் போனேன். வெளியூரில் வண்டியை நிறுத்தினால் திருடன் கிளப்பக் கூடாது என்று நீங்கள் இருவரும் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு துண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வீர்களே, கட்டைவிரல் அளவில் இருக்கும் அந்த ரோட்டர், ஒருமுறை சட்டையோடு சேர்த்து நான் துவைத்துக்கூடப் போட்டேனே, அதைக் கழற்றி என் பொத்தான் டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். வேறு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் வேகமாகச் சுழன்றது, பிடிக்கவில்லை. நான்கைந்து தடவை பார்த்துவிட்டு, எஞ்சினில் ரோட்டர் இருக்கும் இடத்து மூடியைத் திறந்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். யார் எடுத்தது என்று கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கத்த வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன், தம்பி. கல்யாணமான நாள் முதல் அவர் என்னைத் திட்ட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான். அவர் அந்த வெற்றிடத்தை நெடுநேரம் பார்த்தார். உள்ளே இருந்த தூசியை விரலால் துடைத்தார். மூடியை மூடினார். "பேட்டரி செத்துப்போச்சு" என்றார். செத்த பேட்டரி எஞ்சினை அப்படிச் சுழற்றாது என்பது எனக்கே தெரியும்.

வியாழக்கிழமை பேட்டரிக்காரர் புது பேட்டரியோடு வந்தார். அது போட்டும் வண்டி கிளம்பவில்லை. அவர் மூடியைத் தூக்கினார், பார்த்தார், உன் அண்ணனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, மனிதர் சத்தமில்லாமல் மூடியை மூடிவிட்டு, "சார், இது வயரிங் தகராறு. சாமான் எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் வர்றேன்" என்றார். உன் அண்ணன் அவரை, "உனக்கு பேட்டரி விக்கத் தெரியும், வண்டி பாக்கத் தெரியாது" என்று கிண்டல் செய்தார். வாசலில் பேட்டரிக்காரர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டது இதுதான்: "எவ்வளவு நாளாக்கா இப்படி? போன மாசம் ஒரே நாள்ல ரெண்டு தடவை வந்து அதே ஃபியூஸை வாங்கிட்டுப் போனாரு. என்னை வெச்சு விளையாடுறாருன்னு நெனச்சேன்."

அதனால்தான் இன்று காலை அந்தத் தரையில் படுத்தேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பினால் சக்கரத்துக்குப் பின்னால் கை நுழைகிறது. இடப்பக்கம் இரண்டும் இறுக்கமாக இருந்தன. வலப்பக்கம் மேலே இருந்ததும் சரி. கீழே இருந்ததைத் தொட்டேன், என் இரண்டு விரலுக்கே திரும்பிவிட்டது. மஞ்சள் கோடு நடுவில் உடைந்து, பாதி போல்ட்டோடு போயிற்று, பாதி இரும்பிலேயே நின்றது. மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று நீதான் சொல்லியிருக்கிறாய், இருபத்தாறு. எந்த வளைவில் அது கழன்றிருக்கும் என்று எண்ணத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் பக்கத்து சீட்டில் நீ இருந்தாய்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, பெட்டியிலிருந்து எடுத்த ஸ்பேனரை அதே எண்ணுக்குத் திருப்பி வைத்து, இரண்டு கையாலும் இழுத்தேன். 'டிக்' என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடு போட வேண்டுமே என்று பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். மூடியின் உட்புறம் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து. "முறுக்கு. சத்தம் கேட்கட்டும். பிறகு கோடு." கீழே தேதி. நான்கு மாதம் முந்தையது.

நான்கு மாதம், தம்பி. ஐந்து நாளாக நான்தான் அவரிடம் மறைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் அந்த ஷெட்டில் தனியாக நின்று எதையெல்லாம் தாளில் எழுதி எங்கெங்கே ஒட்டிவைத்திருக்கிறாரோ. வேறு எந்த டப்பாவையும் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. கேட் சத்தம் கேட்டதும் மூடிவைத்துவிட்டு வந்துவிட்டேன். "என்ன, முதுகெல்லாம் கிரீஸ்?" என்றார். மூத்தவளோடு சண்டை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

உன்னிடம் இரண்டு வேண்டுகோள். பதினான்காம் தேதிவரை காத்திருக்காதே, முடிந்தால் இந்த வாரமே வா. வந்தால் மூத்தவளை நீதான் ஓட்ட வேண்டும். அவரிடம் காரணம் சொல்லாதே, சின்ன வயதில் செய்த மாதிரி சாவியைப் பிடுங்கிக்கொண்டு வம்பு பண்ணு. உன் பிடிவாதத்துக்கு மட்டும்தான் அவர் விட்டுக்கொடுப்பார். அடுத்தது உன்னைப் பற்றி. உனக்கும் இந்த வருடத்தோடு நாற்பத்தேழு முடிகிறது. அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் எழுதவில்லை, நீ புரிந்துகொள்வாய்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இன்னும் யாருக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதும் பொத்தான் டப்பாவைத் திறந்து அந்த ரோட்டரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்கப் போகிறேன். நான்தான் எடுத்தேன், நீங்கள் சொன்னபடிதான் எடுத்தேன் என்று சொல்லிவிடுவேன். அவர் அதைப் பார்த்து இது என்ன என்று கேட்டுவிடுவாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது. கேட்டாலும் வைப்பேன். அந்த வலப்பக்கத்துப் போல்ட்டுக்கு இன்னும் கோடு போடவில்லை. இன்று முதல் முறுக்குவது அவர். சத்தத்தை இருவரும் கேட்போம். மஞ்சள் பெயிண்ட் மட்டும் இனி என் கையில்தான் இருக்கும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். எல்லாம் நினைவில் இருக்க, பத்திரமாக வந்து சேர்.

உன் அண்ணி,
இளையாள்