கீழ் போர்ஷன் காலியாக வேண்டும்

பிப்ரவரி 3, சனி

காலையில் பனி வாரப் போனேன். வாசற்படியிலிருந்து தெரு வரை கீழ் போர்ஷன் ஒடெட் முன்பே வாரி முடித்து உப்பும் தூவியிருந்தார். அறுபத்தேழு வயதுப் பெண்மணி, இருபது வருடம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்த முதுகு. நான் வாரியதாக நடைபாதையில் இரண்டு முறை கீறிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் வாண்டர்வீன் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, அதிலேயே தெரிந்தது. "எனக்கு எண்பத்தொண்ணு ஆயிடுச்சு, லோர்ன். கெலோனாவுல இருக்கற பையன் அங்கேயே வந்துடுன்னு உயிரை எடுக்கறான். வீட்டை விக்கப் போறேன். உனக்கு வேணும்னா முதல்ல உனக்குத்தான். ஏழு லட்சத்து நாப்பதாயிரம் டாலர். ஏஜென்டுக்கு அழுவறதைக் குறைச்சுச் சொல்றேன்."

இந்த வாரம் பத்திரிகையில் என் பத்தியின் தலைப்பு: 'சொந்த வீடு — ஆளையும் உள்ளே வைத்துப் பூட்டும் ஒரே முதலீடு.' இருபத்திரண்டு வருடமாக ஹாமில்டன் மக்களுக்கு இதைத்தான் சொல்லி வருகிறேன்: வாடகைக்கு இருங்கள், மிச்சத்தை முதலீடு செய்யுங்கள்.

பிப்ரவரி 5, திங்கள்

மனைவி பெர்னடெட்டிடம் என் வாதங்களை வரிசையாகச் சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்தபடி கேட்டாள்.

"முடிச்சிட்டியா? நீ எழுதறது எல்லாம் எனக்கு மனப்பாடம். இப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வேற எவனாவது வாங்கி, 'எங்க மாமியார் குடிவர்றாங்க, காலி பண்ணு'ன்னா எங்க போவ?"

"சட்டம் இருக்கு…"

"அவனுக்கும் அதே சட்டம்தான் இருக்கு."

முன்பணத்துக்கு அவள் அம்மா விட்டுப்போன பணம் போதும். மாதத் தவணைக்கு எங்கள் வருமானம் போதாது. வான்கூவரிலிருந்து மெரெடித் திரும்பி வந்து கீழே குடியிருந்து மாதம் ஆயிரத்து எண்ணூறு தந்தால் போதும். தாயும் மகளும் இதைப் போனில் ஏற்கெனவே பேசி முடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஒடெட்?

"அது கஷ்டம்தான்," என்றாள் பெர்னடெட். தட்டை வைத்துவிட்டாள். எனக்காகச் சொன்னதல்ல, அவளுக்கும் கஷ்டம்தான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இதை எழுதி வைத்துவிடுவது நல்லது.

2006-இல் வாண்டர்வீன் இதே வீட்டை ஒடெட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். கேட்ட விலை ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம். ஒடெட்டின் கணவர் அமாரோ இரும்பாலையில் வேலை பார்த்து முந்தைய வருடம் இறந்திருந்தார். காப்பீட்டுப் பணம் ஐம்பத்தையாயிரம் கையில் இருந்தது. வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். ஒரு தாளும் பென்சிலுமாகக் கீழே போனேன். வட்டி, சொத்து வரி, கூரை, ஹீட்டர், வக்கீல் என்று பதினான்கு வரி எழுதி, அடியில் கோடு போட்டு, வாடகையே லாபம் என்றேன். "புரொபசர் சொன்னா சரிதான்," என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர். கல்லூரிப் படிப்பையே நான் முடித்ததில்லை.

அவர் தரும் வாடகை இன்று தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற சட்டம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே போனால் இதே அளவு வீடு இரண்டாயிரத்து நூறு. வெளியே போகாதவரை என் கணக்கு அழகான கணக்கு. பதினான்கு வரிகளில் 'வெளியே போகச் சொன்னால்' என்று ஒரு வரி இல்லை. மறந்தேனா? இல்லை. அது எண்ணாக வரவில்லை, அதனால் எழுதவில்லை.

பிப்ரவரி 9

வங்கி சரி என்றது.

பிப்ரவரி 20, செவ்வாய்

கையெழுத்துப் போட்டோம். வாங்குபவரின் குடும்பமே கீழே குடிவருகிறது என்று நான் உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து ஒடெட்டுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பவர் வாண்டர்வீன். ஆக, காகிதத்தில் இருக்கப்போவது அவர் பெயர். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு.

"யார் வாங்கறதுன்னு ஒடெட்கிட்ட நீயே சொல்லிடறியா?" என்றார் வாண்டர்வீன்.

"சொல்லிடறேன்."

பிப்ரவரி 21

சொல்லவில்லை.

பிப்ரவரி 22

ஒடெட் கீரை சூப் கொண்டுவந்து கொடுத்தார். சொல்லவில்லை. சூப் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 25

"சொல்லிட்டியா?" என்றாள் பெர்னடெட். சொல்லிட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நாளைக்குச் சொல்லிவிட்டால் இன்று சொன்னது பொய்யாகாது என்று நினைத்தேன் போல.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஒடெட் மேலே வந்தார். மூக்குக் கண்ணாடி தலைமேல், கையில் நோட்டீஸ்.

"புரொபசர், நம்ம கிழவன் வித்துட்டானாம். எவனோ டொராண்டோக்காரனா இருக்கும். வாங்கினவங்க குடும்பம் கீழ குடிவருதாம், ஏப்ரல் முப்பதுக்குள்ள நான் போயிடணுமாம். உங்களுக்கும் இந்தக் காகிதம் வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப உங்களை விட்டுட்டாங்க. நல்லது. நீங்க ரெண்டு பேராவது இருங்க."

படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். என் உறுதிமொழியிலிருந்து பிறந்த நோட்டீஸை, உச்சரிப்பு பிசகாமல், நிறுத்தி நிறுத்தி, புரியாத இடத்தில் விளக்கமும் சொல்லிப் படித்தேன். எதற்கும் அவர் அழவில்லை. "எதிர்த்து நின்னா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

இதற்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். இதைப் பற்றி மூன்று முறை பத்தி எழுதியிருக்கிறேன். நோட்டீஸ் வந்ததற்காகப் போக வேண்டியதில்லை. தீர்ப்பாயம் விசாரித்து உத்தரவு போட வேண்டும், அதற்கு அரை வருடம் ஆகும், வாங்கியவர் உண்மையாகவே குடிவருகிறாரா என்று குடைந்து குடைந்து கேட்பார்கள்.

"பொதுவா பெரிசா பலன் இருக்காதுங்க, ஒடெட். ஒரு மாச வாடகை நஷ்டஈடா தருவாங்க. அதை வாங்கிக்கிட்டு நிதானமா வேற இடம் பாக்கறதுதான்…"

'பொதுவாக' என்று போட்டுக்கொண்டேன். பத்தி எழுதுகிறவனுக்கு அது ஹெல்மெட் மாதிரி.

"நீங்க மேல இருக்கறது எனக்கு எவ்வளவு தைரியம் தெரியுமா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சீ.

மார்ச் 4

அவர் வீடு தேடுகிறார். பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மாடிப்படியில் நின்று எனக்கு விவரம் சொல்கிறார். ஒன்று நிலவறை, ஜன்னல் இல்லை. இன்னொன்று மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. "இதுல எது பரவாயில்ல, புரொபசர்?" நான் நல்லது கெட்டது சீர்தூக்கிச் சொல்கிறேன். தொழில் பழக்கம்.

மார்ச் 16, சனி

பேஸ்மென்டில் துணி துவைக்கும் இடத்தில் பெர்னடெட் ஒடெட்டைப் பார்த்திருக்கிறாள். நான் எல்லாம் சொல்லிவிட்டேன் என்ற நம்பிக்கையில், ஆறுதலாகப் பேச வேண்டுமே என்று, "அந்த அடுப்பை விட்டுட்டுப் போறதா இருந்தா சொல்லுங்க, மெரெடித்துக்கு உதவும், நல்ல விலை தர்றேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

மேலே வந்தவள் கதவைச் சாத்தவில்லை. "நீ சொல்லலையா, லோர்ன்? நாலு வாரமா? அவங்க மூஞ்சியை நான் பாத்தேன். நீ பாக்கல. நான் பாத்தேன்."

மார்ச் 17, ஞாயிறு

ஒடெட் மாதாகோவிலிலிருந்து நேராக மேலே வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னிக்குப் படிச்சுக் காட்டினீங்களே, அது உங்க காகிதமா?"

"ஆமா."

"எதுத்து நின்னா பலன் இல்லைன்னீங்களே. அது புரொபசர் சொன்னதா, வீட்டுக்காரர் சொன்னதா?"

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்குத் தண்டனையாக இருக்கட்டும்.

"பதினெட்டு வருஷம். நீங்க மிச்சத்தைப் போடச் சொன்னீங்க, போட்டேன். அமாரோ பணம் முழுக்கப் போட்டேன். அப்புறம் மாசாமாசம் நானூறு. பல்லு வலிச்சப்பவும் போட்டேன். எங்க ஊர்ல அக்கா செத்தப்ப டிக்கெட்டுக்கு எடுக்காம அதுல போட்டேன். இப்ப அதுல மூணு லட்சத்து எழுபதாயிரம் இருக்கு. பேங்க்ல அந்தப் பொண்ணு எழுந்து நின்னு பேசறா. நான் அதை என்ன பண்றது? போத்திக்கிட்டு படுக்கவா?"

இருபத்திரண்டு வருடத்தில் என் பத்தியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த ஒரே வாசகர் என் காலுக்குக் கீழேயே இருந்திருக்கிறார். நான் கடைப்பிடிக்கவில்லை. மிச்சமானதில் நாங்கள் இரண்டு முறை போர்ச்சுகல் போய் வந்தோம்.

அவர் போன பிறகு கணக்குப் போட்டேன். வேண்டாம் என்றாலும் கை கேட்கவில்லை. 2006-இல் வாங்கியிருந்தால், மீதிக் கடன், கூரை, ஹீட்டர் எல்லாம் கழித்து, இன்று கையில் ஆறு லட்சத்துக்கு மேல். என் தப்பின் விலை கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். எண்ணாக வருவதை மட்டும் சொல்கிறேன்.

மார்ச் 21

இலவச சட்ட உதவி மையத்திலிருந்து கடிதம். திருமதி ஒடெட் ஃபுர்ட்டாடோ காலி செய்ய மாட்டார், விசாரணையைச் சந்திப்பார். நல்ல ஆலோசனை. நான் தந்திருக்க வேண்டியது.

ஏப்ரல் 30

வீடு எங்கள் பெயருக்கு மாறியது. கீழ் போர்ஷனில் விளக்கு எரிகிறது.

ஜூன் 3, திங்கள்

வாடகைக் காசோலை தபாலில் வந்தது. கீழிருந்து மேலே, அஞ்சல்தலை ஒட்டி, முழு முகவரி எழுதி, 'திரு. எல். ஃபேர்லி, உரிமையாளர்' என்று. தபால்காரர் இரண்டு பெட்டிகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

பத்திரிகை ஆசிரியருக்கு இந்த வாரமும் பத்தி அனுப்பவில்லை. நாலு தடவை தொடங்கினேன். 'வாடகையா சொந்தமா என்ற கேள்விக்கு' என்பதற்குமேல் போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மெரெடித் போன் செய்தாள். வரவில்லையாம்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. உக்காந்து கணக்குப் போட்டேன். உங்க பழைய பத்தியெல்லாம் நெட்ல இருக்குல்ல, அந்த அட்டவணையை வச்சே போட்டேன். வேலையை விட்டு ஊர் மாறி உங்களுக்கு ஆயிரத்து எண்ணூறு தர்றதுக்கு, இங்கேயே வாடகைக்கு இருக்கறதுதான் லாபம்."

இரண்டாவது வாசகர்.

ஜூலை 15

பெர்னடெட் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வெளியே விட்டால் இரண்டாயிரத்து நூறு வரும் போர்ஷன். ஆனால் சொந்தக் குடும்பம் இருக்கத்தான் காலி பண்ணச் சொல்ல முடியும். பல் டாக்டரிடம் மறுபடி வரவேற்பு வேலைக்குப் போவதாகச் சொன்னாள், முழங்கால் இருக்கிற நிலையில்.

பிறகு, என்னைப் பார்க்காமல்: "குடும்பம்னா நீயும் குடும்பம்தானே. மெரெடித் பேருக்குப் பதிலா உன் பேரைப் போடு. ஒரு வருஷம் கீழ கட்டிலைப் போட்டுப் படு. பொய்யில்லையே."

பொய்யில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எவ்வளவு சுலபமாகப் பொய் இல்லாமல் செய்துவிடலாம்!

சரி என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

விசாரணை. இப்போதெல்லாம் கணினியிலேயே நடக்கிறது. நான் மேலே சமையலறை மேசையில், அவர் கீழே அவர் சமையலறை மேசையில். ஒரே வீட்டு முகவரியிலிருந்து இருவர் வந்திருப்பதைப் பார்த்து தீர்ப்பாய உறுப்பினர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

ஒடெட் சத்தியம் செய்தபோது அவர் குரல் முதலில் தரை வழியாக வந்தது, பிறகு கணினியிலிருந்து வந்தது. எல்லாச் சொல்லும் இரண்டு முறை. "இந்த வீட்ல பதினெட்டு வருஷமா இருக்கேன்." ஒரு முறை காலுக்குக் கீழே, ஒரு முறை முகத்துக்கு நேரே. இருமினார், அதுவும் இரண்டு முறை. எதிர்த்துப் பயனில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா என்று அவர் பக்க வக்கீல் கேட்டார். ஒடெட் நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார்; அந்தச் சத்தமும் முதலில் தரை வழியாகத்தான் வந்தது.

"ஞாபகம் இல்லீங்க," என்றார்.

பிறகு என் முறை. "கீழ் போர்ஷனில் குடியேறப் போவது யார்?" பெர்னடெட் எனக்கு எதிரே, கேமராவுக்குத் தெரியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் பெயர் நாக்கின் நுனியில் இருந்தது.

"யாரும் இல்லை," என்றேன். "என் மகள் வருவதாக இருந்தது. வரவில்லை. எங்களுக்கு அந்த இடம் தேவையில்லை. பணம்தான் தேவை."

மனசாட்சி பேசியது என்று எழுத ஆசை. உண்மையில், தரை மெலிது. நான் சொல்லப்போவது கீழே இரண்டு முறை கேட்கும்.

காலி செய்யக் கேட்ட எங்கள் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். பதினேழு நிமிடம்.

பெர்னடெட் உள்ளே போனாள். பிறகு பல் டாக்டருக்குப் போன் செய்யும் சத்தம்.

செப்டம்பர் 12

பத்தியை நிறுத்திவிட்டேன். ஆசிரியர் வருத்தப்படவில்லை; அந்த இடத்தில் குறுக்கெழுத்து வருகிறது.

அக்டோபர் 19, சனி

காலை எட்டு மணிக்கு ஒடெட்டின் போன். "சமையலறைத் தொட்டிக்கு அடியில ஒழுகுது." அவ்வளவுதான், வைத்துவிட்டார். மார்ச்சுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம்.

குழாய்க்காரரைக் கூப்பிட்டால் இருநூற்றைம்பது. பெர்னடெட் வேலைக்குப் போயிருந்தாள். ரெஞ்சை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஒடெட் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்துக்கு மேல் குழாய், பக்கவாட்டில் அவர் செருப்பு தெரிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லாத இடம். இதைவிட வசதி கிடைக்காது என்று தோன்றியது.

"ஒடெட், நான் செஞ்சதுக்கு… அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் சொன்னது…"

"இடது பக்கம்."

"என்ன?"

"நட்டு. இடது பக்கத்து நட்டு. அங்கேருந்துதான் ஒழுகுது. அதை இறுக்குங்க."

இறுக்கினேன். இன்னும் என்றார். இன்னும் இறுக்கினேன். சொட்டு நிற்கவில்லை. குனிந்து, என் கையிலிருந்து ரெஞ்சை வாங்கி, அவரே ஒரு சுற்று சுற்றினார். நின்றது.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன்.

"படுக்கையறை ஜன்னல் சாத்த மாட்டேங்குது. குளிருக்கு முன்னால சரி பண்ணணும்," என்றார்.

"புதன்கிழமை வரட்டுமா?"

"பத்து மணிக்கு மேல வாங்க. கதவைத் தட்டிட்டு வாங்க."

ஜன்னலுக்கு என்ன வேண்டும் என்று கடையில் கேட்டு வைக்க வேண்டும்.