இடைவேளை இல்லாத படம்

மாமாவுக்கு வேதாவின் வணக்கம். உங்கள் முட்டிவலி கம்மியானதா? நம் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் டியூட்டி இல்லாத அன்று, இங்கே பாரிசில் பழைய பிரெஞ்சு போலீஸ் படம் ஒன்றுக்குத் தனியாகப் போனேன். கறுப்பு வெள்ளை. கொலைகாரன் நீளமான கோட்டு போட்டுக்கொண்டு மழையிலேயே நடக்கிறான், பேசுவதே இல்லை. அந்த நடையைப் பார்த்தால் அவன் பிடிபடக் கூடாது என்றே தோன்றும். போலீஸ் கதவைத் தட்டியதும் நான் எழுந்துவிட்டேன். திருவண்ணாமலையில் என்றால் அந்த இடத்தில்தான் இடைவேளை விடுவார்கள். இங்கே இடைவேளையே கிடையாதாம். பப்ஸ் வாங்கித் தர நீங்களும் இல்லை.

கடைசியில் தெருவெல்லாம் போலீஸ். அவன் பூத்திலிருந்து பெண்டாட்டிக்குப் போன் போட்டுவிட்டு வாயே திறக்காமல் நிற்கிறான். அவள், "அங்க மழையா?" என்று மட்டும் கேட்கிறாள். அந்த அளவு பிரெஞ்சு எனக்கே புரிந்தது. வெளியே வந்தால் நிஜமாகவே மழை. ஈரத்தில் மிதக்கிற விளக்குகளைப் பார்த்தபடி என் ஸ்டாப்பையும் தாண்டி நடந்துவிட்டேன்.

அத்தை போட்ட வெங்காய வடகம் கொஞ்சம் அனுப்புங்கள். கிரிவலம் போகும்போது போனைக் கையிலேயே வைத்திருங்கள்.

டியூட்டிக்குப் போகிற பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். நான் கூப்பிட்டுப் பேசாமல் இருந்தால், லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதீர்கள். அங்கே மழையா என்று கேளுங்கள்.

வேதா