விளக்கெண்ணெய்க் குப்பி இருக்கும் இடம்

மாப்ளே,

இன்று காலை மோட்டார் காரின் பின்சக்கரங்களுக்குப் பிரேக்குப் பட்டை மாற்றினேன். பழைய பட்டை தேய்ந்து, அதைப் பிடித்திருந்த செம்பு ஆணிகள் இரும்பை உரச ஆரம்பித்துவிட்டன. வேலை வழக்கம்போல மாட்டுக் கொட்டத்தில்தான். அச்சுக்கு முட்டுக் கொடுத்ததும் அதே பழைய உரல்தான். புதுப் பட்டையோடு வீதியில் ஓட்டிப் பார்த்தேன், கிறீச்சென்று கத்தியது. கத்தட்டும், ஓட ஓடப் பழகிவிடும். ஆனால் அந்தச் சத்தத்தோடு உன் நினைப்பும் வந்துவிட்டது. மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உனக்கு நான் எதுவும் எழுதியதில்லை.

உன் அக்காள் குரங்கணியில் உங்கள் ஆத்தா வீட்டில் மாசமாய் இருந்த சமயம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. முதல் பிள்ளை அங்கேதான் பிறந்தது, தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது போடியில், டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்கப் பிறக்கட்டும் என்று முடிவு செய்தோம். மாட்டுவண்டியில் குலுங்கி வர வேண்டாம், மோட்டாரில் அழைத்து வருகிறேன் என்றேன். உனக்கு அது பிடிக்கவில்லை. ஏலக்காய் மூட்டை ஏற்றி அந்த இறக்கத்தில் தினம் வண்டி ஓட்டுகிறவன் நீ.

"மாட்டை அதட்டுனா நிக்கும் மச்சான். இது யாரு சொன்னா கேக்கும்?" என்றாய்.

"பிரேக்கு சொன்னா கேக்கும். வாய மூடிக்கிட்டு உரலைத் தள்ளு" என்றேன்.

அவளை அழைக்கப் போவதற்கு முந்தின நாள் அப்படித்தான் நீ மலையிலிருந்து இறங்கி வந்து கூடமாட நின்றாய். பஞ்சு அரவை ஆலையில் கழித்துப் போட்ட பெல்ட்டைப் பட்டைக்கு அளவாக அறுத்தோம். ஆணித்தலை பட்டைக்கு மேலே துருத்தக் கூடாது என்று நான் கத்த, ஒவ்வொன்றையும் நீ கட்டைவிரலால் தடவித் தடவி அடித்தாய். பொறுமையாகத்தான் செய்தாய், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஓட்டிப் பார்த்தபோது பட்டை கத்தியது. உன் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

"என்ன மச்சான் இப்படிக் கத்துது? ஊரே சிரிக்கும்."

"அது அப்படித்தான். போய்ச் சாப்பிடு."

மறுநாள் நாம் குரங்கணிக்கு ஏறும்போது சத்தமே இல்லை. பட்டை அதற்குள் பழகிவிட்டது என்று நான் பெருமையடித்தேன். நீ மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாய். ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன சோலி? அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

திரும்பும்போது உன் அக்காள் பின்னால் தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முதல் வளைவில் மிதித்தேன். கால் போனது, வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன், அதுவும் அதே பட்டையைத்தானே பிடிக்க வேண்டும்? அவள் கத்தவில்லை, வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு "அப்பனே முருகா" என்று மட்டும் சொன்னாள். மலைப்பக்கத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசவிட்டுக்கொண்டே போனேன். நீ மோட்டாரின் கால்படியிலிருந்து குதித்து, ஓடிக்கொண்டே கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டாய். அது உருண்டு போனது. அடுத்த கல்லில் வண்டி ஏறி, திமிறி, நின்றது.

இறங்கியதும் மூக்கில் அடித்தது கருகின விளக்கெண்ணெய் வாசம்.

நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். "விடியக்காலம் கொஞ்சூண்டு விட்டேன் மச்சான். கத்துச்சுல்ல... அக்கா வர்ற வண்டி கத்தக் கூடாதுன்னு."

உன்னை அறையக் கை ஓங்கினேன். அதற்குள் அவள், "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. தம்பி, நீ போய் மாட்டுவண்டியைப் பூட்டிக் கொண்டா" என்றாள். அவ்வளவுதான், கை தானாக இறங்கிவிட்டது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளை நீதான் மெதுவாக இறக்கிக் கூட்டி வந்தாய். மோட்டார் அங்கேயே கிடந்தது. பிள்ளை போடியில் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது வீதியில் பம்பரம் விட்டுக்கொண்டிருக்கிறான், அப்படியே உன் மூக்கு.

அதற்குப் பிறகு பட்டை மாற்றுகிற நாளெல்லாம், உன் தலை தெரிவதற்கு முன்பே விளக்கெண்ணெய்க் குப்பியை ஒளித்துவிடுவேன். நீயும் விட மாட்டாய். அடுப்படி, பரண், தவிட்டுப் பானை என்று தேடுகிற மாதிரி நடிப்பாய். "எங்க மச்சான் வச்சீக? சும்மா ஒரு சொட்டு" என்று என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவாய். உன் அக்காள் சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். எனக்குக் கோபம்தான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் குப்பியை எடுத்து நெல் குதிருக்குப் பின்னால் வைத்தேன். கை பழக்கத்தில் செய்துவிட்டது. அவள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி யாருக்குப் பயந்து ஒளிக்கிறீக?" என்றாள்.

நான் கொட்டத்துக்குப் போய் உரலைத் தள்ள ஆரம்பித்தேன்.

சாயங்காலம் விளக்கேற்ற அவள் பக்கத்து வீட்டில் எண்ணெய் கடன் வாங்கி வந்தாள். குப்பி இன்னும் குதிருக்குப் பின்னால்தான் இருக்கிறது, மாப்ளே.